புரட்டாசி விதைப்பும் ஊர்க் கட்டுப்பாடும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் வட்டாரங்களின் கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. ஆண்டு மழை 700 மி.மீ. சொச்சம். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். அந்த மழையும் இப்போது கணக்குத் தவறுகிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2023 டிசம்பரிலோ இதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, கரிசலின் ஓராண்டு மழையைவிட இது அதிகம்.

இதைச் சமாளிக்க மானாவாரி விவசாயிகளுக்குக் கைவந்த உத்தி, பருவத்திற்கு முந்திய விதைப்பு. 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் இதையே பரிந்துரைக்கிறது. மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, அதாவது ஆவணிக் கடைசி, புரட்டாசி முதல் வாரத்தில், காய்ந்த மண்ணில் 5 செ.மீ. ஆழத்தில் சோளத்தையும் பருத்தியையும் விதைத்துவிட வேண்டும். உளுந்து, பாசிப்பயறை அடுத்த வாரத்தில் விதைக்கலாம். சுமார் 20 மி.மீ. மழை பெய்தால்தான் அந்த ஆழத்திற்கு ஈரம் இறங்கும். சிறு தூறலுக்கு விதை முளைத்துக் கருகிப்போகாது. மழை விழுந்தபின் விதைக்கலாம் என்று காத்திருப்பவர் கரிசல் சேற்றில் நாள்கணக்கில் கால்வைக்க முடியாது என்பதை அனைவரும் அறிவர்.

சோள விதையைக் கடினப்படுத்துவது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்திற்கு உலர்த்தி விதைக்க வேண்டும்.

ஆனால் ஒருவர் மட்டும் முந்தி விதைத்துப் பயனில்லை. ஊர்ப் பறவையெல்லாம் அந்த ஒரு வயலில் இறங்கும். ஆடும் மாடும் முதலில் பச்சையாகத் தெரியும் பயிரைத்தான் தேடும். ஒரே வாரத்தில் ஊர் முழுவதும் விதைத்தால் இந்தச் சேதம் பரவிக் குறையும். பிந்தி விதைத்த சோளத்தைத்தான் குருத்து ஈயும் அதிகம் தாக்கும்.

அப்படியானால் பிந்துபவர் யார்? டிராக்டர் இல்லாதவர், வாரத்திற்கு உழுபவர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர். பெரிய காட்டுக்காரர்களின் உழவு முடிந்த பிறகே அவர்களுக்கு முறை வருகிறது. இது சோம்பலல்ல, வரிசை செய்யும் அநியாயம். தமிழக அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017-18-ல் தொடங்கியது. நூறு விவசாயிகள் சேர்ந்த குழுவுக்கு ஐந்து லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி அளித்துக் கருவிகள் வாங்க வழி செய்தது. குழுவில் கருவி இருந்தால் மட்டும் போதாது. யார் தெரு, யார் சொந்தம் என்று பாராமல் சீட்டுக் குலுக்கி உழவு முறை வைக்க வேண்டும். சின்ன நிலங்களுக்கே முதல் முறை தந்தால் இன்னும் நல்லது. அவை விரைவில் முடிந்துவிடும்.

மழைநீரிலும் இதே கதைதான். மேட்டுக்காரர் தன் வரப்பை வெட்டிவிட்டால் பள்ளத்துக்காரரின் பயிர் அழுகும். பள்ளமும் ஓடைக்கரையும் பெரும்பாலும் எளியவர்கள் கையில் இருப்பதால், வெள்ளம் யாரை முதலில் அடிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆழச்சால் அகலப்பாத்தி அமைத்து, வடிநீர் எந்த ஓடைக்குப் போக வேண்டும் என்பதை அடுத்தடுத்த நிலத்தார் கூடி முடிவு செய்ய வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பண்ணைக்குட்டை வெட்டலாம். களிப்பு மிகுந்த கரிசலில் நீர் எளிதில் கசியாது. பூக்கும் தருணத்தில் ஒரு உயிர்த்தண்ணீர் கிடைத்தாலும் உளுந்து தப்பிவிடும்.

மக்காச்சோளத்தை மட்டுமே நம்பியவர்கள் 2018-ல் படைப்புழு வந்தபோது பட்ட பாடு நினைவிருக்கும். சோளம், கம்பு, குதிரைவாலியுடன் பயறு கலந்த பழைய முறையில் ஒன்று போனால் ஒன்று கைகொடுக்கும். தட்டை மாட்டுக்கு ஆகும். வேம்பூர் ஆடு வளர்ப்பவர்களை அறுவடைக்குப்பின் கிடை போட அழைத்தால் நிலத்திற்கு எரு. அவர்களுக்கு மேய்ச்சலும் கிடைக்கூலியும். விதைப்புக் காலத்தில் மட்டும் மந்தைக்குத் தனி வழி ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.

பயிர்க் காப்பீட்டில் ராபி உணவுப் பயிருக்கு விவசாயி கட்டும் பிரிமியம் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதம். பருத்திக்கு 5 சதம். பரவலான சேதத்தில் தனி வயலைப் பார்ப்பதில்லை, ஊர் அல்லது பிர்காவின் மகசூல் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். குத்தகைதாரரும் சேரலாம். ஆனால் வாய்மொழிக் குத்தகை என்றால் அடங்கலில் பெயர் இராது. குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் இருந்தும், நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சத்தில் நிலத்துக்காரர் கையெழுத்திடத் தயங்குகிறார். இழப்பீடு வந்தால் உழுதவர் கை வெறுங்கையாகிறது. விதைப்புக்கு நாள் குறிக்கும் ஊர்க் கூட்டத்திலேயே, அந்த ஆண்டு எந்த நிலத்தை யார் பயிரிடுகிறார் என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி அடங்கல் கேட்கலாம். கூட்டத்தை ஆவணி பத்து தேதிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதன்பின் எல்லோரும் காட்டில் இருப்பார்கள்.