ஒரே நடவு, எட்டு அறுவடை: தெரியுமா?

சம்பா அறுத்த தாளில் மறுதாம்பு துளிர்ப்பதைப் பார்க்காத தஞ்சாவூர்க்காரர் உண்டா? அந்தத் துளிர் மாட்டுக்குத்தான் போகும். அதுவே நாலு வருஷம் விடாமல் கதிர் தள்ளினால்? சீனாவின் யுன்னான் மாகாணத்தில் தள்ளியிருக்கிறது, தெரியுமா?

அந்த நெல்லின் பெயர் பி.ஆர். 23. ஒரு பக்கம் தாய்லாந்தின் ஆர்.டி. 23 ரகம், மறுபக்கம் ஆப்பிரிக்கக் காட்டு நெல். இந்தக் காட்டு நெல்லுக்கு இஞ்சி போல மண்ணுக்குள் படரும் கிழங்குத்தண்டு உண்டு. இரண்டையும் கலந்தால் கரு விதைக்குள்ளேயே செத்துவிடும்! 1996-இல் அந்தத் துளிக் கருவை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் ஊட்டம் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அது விவசாயி கைக்கு ரகமாக வந்து சேர்ந்தது 2018-இல். 22 வருஷப் பொறுமை! 4 ஆண்டுகளில் 8 அறுவடை, ஒவ்வொன்றிலும் ஹெக்டேருக்குச் சராசரி 6.8 டன். முதல் நடவுக்குப் பிறகு உழவு இல்லை, நாற்றங்கால் இல்லை, மறு நடவு இல்லை. மறுதாம்புப் போகங்களில் ஆள்வேலை மட்டும் 58 சதவீதம் மிச்சம். நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

கோதுமையில் இதே கனவை ரஷ்ய விஞ்ஞானி சித்சின் 1930-களிலேயே கண்டார். காட்டுப் புல்லோடு கலந்தும் பார்த்தார். அந்தப் பயிர் இன்னும் முழுசாகக் கைகூடவில்லை.

ஆனால் காட்டுப் புல்லைப் பயிரோடு கலந்து ஜெயித்த ஊர் நம் கோயம்புத்தூர், தெரியுமா? 1912-இல் அங்கே கரும்பு நிலையம் தொடங்கியது. அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற கரும்பை நாணலோடு சேர்த்தார்கள். ஆம், ஆற்றங்கரையில் வெள்ளைப் பூவாட்டி நிற்கும் அதே நாணல்! பிறந்தது கோ. 205; 1918-இல் வெளியானது. இன்னொரு அதிசயம்: தாயும் தகப்பனும் குரோமோசோம்களில் பாதிப் பாதி தருவதுதானே வழக்கம்? இங்கே தாய்க் கரும்பு தன் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது. நாணல் தன் 64-இல் பாதியான 32-ஐத் தந்தது. பிள்ளைக்கு 112! இன்று நம் வயல்களில் கட்டைக் கரும்பு மறுபடி மறுபடி தழைக்கிற வீரியத்தில் நாணல் ரத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் டெல்டாவில் நெல்லும் இப்படி நிற்குமா? மேட்டூர் அணை ஜனவரி 28-இல் மூடினால் ஜூன் 12-இல்தான் திறக்கும். இடையில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். அந்தக் கோடையில் கிழங்குத்தண்டு பிழைக்க வேண்டும். அறுவடைக்கு முன் சம்பாவுக்குள் தெளிக்கும் உளுந்துக்கும் இடம் வேண்டும். உளுந்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. வெடிப்பைத் தாங்கி, உளுந்தோடும் ஒத்துப்போகும் நெல்தான் நமக்கு வேண்டும். 1922 முதல் நெல் ஆராயும் ஆடுதுறையில் அந்தச் சோதனை நடந்தால் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.