பூசணிக்காய் ஒரு தரம்!

ஒரு பூசணிக்காயைக் கடை விலையைவிடப் பல மடங்கு கொடுத்து யாராவது வாங்குவார்களா? வாங்குவார்கள், குட்டீஸ்!

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று போய்ப் பாருங்கள். நெல், தேங்காய், வாழைத்தார், முருங்கைக்காய் எல்லாம் காணிக்கையாக வந்திருக்கும். காலைக் கட்டிய சேவல்கூட வரும். ஆராதனை நடுவே அது கூவினால், பாடற்குழுவுக்கே சிரிப்பு வந்துவிடும்!

ஆராதனை முடிந்ததும் ஏலம். எடுத்தவரே பொருளைத் திருப்பிக் கொடுக்க, அது மறுபடி ஏலம் போவதும் உண்டு. அந்தப் பணம் ஆலயச் செலவுக்கும் ஏழைகளுக்கும் போகும். காணிக்கை போட காசில்லாத பாட்டி, தன் கோழி இட்ட ஒரே ஒரு முட்டையைக் கொண்டு வந்தாலும் அதற்கும் ஏலம் உண்டு. சில நேரம் அதற்குத்தான் போட்டியே அதிகம்!

இன்றைய வடிவில் இந்தப் பண்டிகையைத் தொடங்கியவர், இங்கிலாந்தின் மார்வென்ஸ்டோ என்ற கடலோர ஊரின் ஆங்கிலிக்கன் ஆயர் ராபர்ட் ஹாக்கர். 1843 அக்டோபரில் ஊராரை அழைத்து, புதுத் தானிய ரொட்டியுடன் நன்றி ஆராதனை நடத்தினார். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மாலுமிகளை அடக்கம் செய்தவரும் அவரே. ஆங்கிலிக்கன் சபையும் வேறு சில சபைகளும் 1947 செப்டம்பர் 27ல் சென்னையில் ஒன்று சேர்ந்ததுதான் சி.எஸ்.ஐ.

ஏலம் பார்க்கப் போனால் ஒன்று. ஏலக்காரர் பார்க்கும்போது கையைத் தூக்கித் தலையைச் சொறியாதீர்கள். பூசணிக்காய் உங்களுக்கு வந்துவிடும்!