38,000 ரூபாய் சம்பளத்துல கார் ஆடியோ போட்டிக்குப் போகலாமா? கடன் வாங்காம ஒரு கணக்கு

போன வீடியோவுக்குக் கீழ மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, சம்பளம் 38,000. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிட்டேன். சவுண்ட் குவாலிட்டி போட்டியில கலந்துக்கணும்னு ஆசை. 1.5 லட்சம் பர்சனல் லோன் போடலாமா?"

லோன் வேண்டாம், ஆசையை விட வேண்டாம். ரெண்டும் எப்படி சேர்ந்து நடக்கும்னுதான் இந்தப் பதிவு.

இது சத்தப் போட்டி இல்லை

கார் ஆடியோ போட்டியில ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, யார் கார்ல எத்தனை டெசிபல்னு மீட்டர் வச்சு அளக்கிறது. இன்னொண்ணு, சவுண்ட் குவாலிட்டி. அமெரிக்காவில் தொடங்கிய இயாஸ்கா, ஐரோப்பாவின் எம்மா போன்ற அமைப்புகள் இதுக்கு விதிகள் வகுத்திருக்கின்றன. எம்மா விதிப்படி இந்தியாவிலும் போட்டிகள் நடந்திருக்கு. நடுவர் உங்க கார்ல உட்கார்ந்து குறிப்பிட்ட பாட்டுகளைப் போட்டுக் கேட்பார். குரல் இயல்பா இருக்கா, பாடகர் டேஷ்போர்டுக்கு நடுவுல நின்னு பாடுற மாதிரி கேட்குதா, எந்த வாத்தியம் எங்கே இருக்குன்னு தெளிவா தெரியுதா, பின்னணியில இரைச்சல் இருக்கா, இதுக்கெல்லாம் மார்க். ஒயரிங், பொருத்தின விதம், பாதுகாப்பு இதையும் பார்ப்பாங்க.

அனுபவத்தைப் பொறுத்து தனித்தனி பிரிவுகளும் உண்டு. அதனால முதல் தடவை போறவர், பல லட்சம் செலவு பண்ணினவரோட மோத வேண்டியதில்லை. இது நம்ம பட்ஜெட்டுக்கு நல்ல செய்தி.

முதல்ல லோன் கணக்கு

1.5 லட்சம், 15 சதவீத வட்டி, 24 மாசம். இ.எம்.ஐ. சுமார் 7,270 ரூபாய். மொத்தமா கட்டுறது 1,74,500-க்குப் பக்கம். ஏறத்தாழ 24,500 ரூபாய் வட்டிக்கே போகுது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் செட்டே வந்திருக்கும்.

தம்பியோட மாசச் செலவு 24,000-னு வச்சுக்குவோம். மிச்சம் 14,000. அதுல பாதிக்கு மேல இ.எம்.ஐ.க்குப் போயிடும். அவர்கிட்ட அவசரகால நிதியும் இல்லையாம். ரெண்டு மாசம் சம்பளம் நின்னா, கார்ல பாட்டு அருமையா கேட்கும், வீட்டு வாடகைக்குக் காசு இருக்காது.

நான் இதைவிட மோசமா செஞ்சிருக்கேன். முதல் கார்ல, 45,000 ரூபாய்க்கு சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபையரும் கிரெடிட் கார்டுல வாங்கி, மினிமம் டியூ மட்டும் கட்டினேன். மாசம் 3.5 சதவீதம் வட்டின்னா, வட்டி மட்டும் 1,575 ரூபாய். போதாக்குறைக்கு, மாட்டின கடைக்காரர் பேட்டரி பக்கத்துல ஃப்யூஸ் போடவே இல்லை. ஒருநாள் அழகர்கோவில் ரோட்டுல அப்பன்திருப்பதி தாண்டும்போது ஒயர் கருகுற வாசனை. நல்லவேளை, நிறுத்தி பேட்டரியைக் கழட்டினேன். "ஒரு ஃப்யூஸுக்காக காரையே எரிக்கப் பார்த்தோமே"ன்னு கை நடுங்கிச்சு.

மண்டகப்படி திட்டம்

சித்திரைத் திருவிழாவுல அழகர் மலையிலிருந்து கிளம்பினதும் நேரா வைகைக்கு வந்துடுறாரா? வழி நெடுக மண்டகப்படி மண்டகப்படியா நின்னு நின்னுதான் வர்றார். நாமும் அப்படித்தான் போகணும்.

மிச்சமாகுற 14,000-ல 9,000 அவசரகால நிதிக்கு. 8 மாசத்துல 72,000, அதாவது 3 மாசச் செலவு கையில நிக்கும். மீதி 5,000 தனி ஆர்.டி.யிலோ தனி சேமிப்புக் கணக்கிலோ ஆடியோவுக்கு. ஒரு வருஷத்துல 60,000. கீழே இருக்கிற விலையெல்லாம் தோராயமா நான் போடுற பட்ஜெட். பிராண்டைப் பொறுத்து மாறும்.

2-வது மாசம்: கதவுகளுக்கு டேம்பிங், 9,000. யாரும் ஆசையா வாங்காத பொருள் இது. ஆனா அதிகப் பலன் இதுலதான். கதவுத் தகடு அதிர்ந்தா எந்த ஸ்பீக்கரும் நல்லா கேட்காது. உள்தகட்டுல இருக்கிற ஓட்டைகளையும் அடைச்சா, அதே கம்பெனி ஸ்பீக்கர்லயே பேஸ் கூடும்.

5-வது மாசம்: முன்பக்க காம்போனென்ட் ஸ்பீக்கர், 14,000. வூஃபர் தனி, ட்வீட்டர் தனி. பின் சீட்டு ஸ்பீக்கருக்குச் செலவே வேண்டாம். நடுவர் முன்னாடிதான் உட்காருவார், மேடையும் முன்னாடிதான் இருக்கணும்.

11-வது மாசம்: டி.எஸ்.பி.யோட வர்ற ஆம்ப்ளிஃபையர், 28,000, ஒயரிங் உட்பட. போட்டியோட இதயம் இதுதான். ஏன்னு அடுத்த பகுதியில சொல்றேன்.

12-வது மாசம்: சின்ன சப்வூஃபர், 9,000. கடைசியா வாங்கணும். நான் முதல்ல வாங்கினேன், அதான் தப்பு.

ஓசியில கிடைக்கிற மார்க்: டியூனிங்

நம்ம ஊர்ல டிரைவர் வலது பக்கம். வலது ஸ்பீக்கர் கிட்ட, இடது ஸ்பீக்கர் தூரம். கிட்ட இருக்கிறதோட சத்தம் முதல்ல காதுக்கு வர்றதால, பாடகர் வலது கதவுக்குள்ள உட்கார்ந்து பாடுற மாதிரி இருக்கும். இதைச் சரி பண்றதுதான் டைம் அலைன்மென்ட்.

நம்ம வெயில்ல ஒலி 1 மில்லி செகண்டுல சுமார் 35 செ.மீ. போகும். தலையிலிருந்து ரெண்டு ஸ்பீக்கருக்கும் டேப் வச்சு அளங்க. வித்தியாசம் 50 செ.மீ. வந்தா, 50-ஐ 35-ஆல் வகுத்தா சுமார் 1.4. டி.எஸ்.பி.யில வலது ஸ்பீக்கருக்கு 1.4 மில்லி செகண்ட் தாமதம் கொடுங்க. பாடகர் நடுவுக்கு நகர்ந்து வர்றதைக் கண்ணை மூடிக் கேட்டா தெரியும். அங்கிருந்து காதை வச்சு கொஞ்சம் கொஞ்சமா திருத்தலாம்.

அடுத்தது கிராஸ்ஓவர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர், மேலே கதவு ஸ்பீக்கர்னு பிரிச்சு ஆரம்பிங்க. அப்புறம் ஈக்வலைசர். ரூம் ஈக்யூ விசார்ட்ங்கிற மென்பொருள் இலவசம். அளவு மைக் மட்டும் வாங்கணும். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒண்ணு வாங்கினா ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். எந்த அலைவரிசை தூக்கலா இருக்கோ அதைக் குறைங்க. பள்ளமா இருக்கிற இடத்தையெல்லாம் ஏத்திக்கிட்டே போனா ஆம்ப்ளிஃபையர் திணறும்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள்ள மெயின் ஃப்யூஸ். ஒயர் சுத்தமான செம்பா இருக்கணும். அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது விலை குறைவு, ஆனா அதே தடிமனுக்குக் குறைவான கரண்ட்தான் தாங்கும். பவர் ஒயர் ஒரு பக்கம், ஆடியோ கேபிள் மறுபக்கம் போகட்டும். எர்த் ஒயரை பெயின்ட் சுரண்டின தகட்டுல இறுக்கமா மாட்டுங்க. இல்லைன்னா ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் "ங்ங்ஙொய்ய்"னு ஒரு சத்தம் வரும், மார்க்கும் போகும்.

வாரன்ட்டியில இருக்கிற கார்னா கம்பெனி ஒயரை வெட்டாதீங்க. கப்ளர் வச்சு மாட்டலாம். வெட்டினா எலக்ட்ரிக்கல் க்ளெய்ம் மறுக்கப்பட வாய்ப்பிருக்கு.

இன்சூரன்ஸும் மறுவிற்பனையும்

வெளியில மாட்டின ஆடியோ, உங்க கார் பாலிசியில தானா சேராது. எலக்ட்ரிக்கல் ஆக்சஸரின்னு தனியா அறிவிக்கணும். இதுக்கான வழக்கமான கணக்கு, பொருளோட மதிப்புல 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 40,000-க்கு அறிவிச்சா வருஷம் 1,600 ரூபாய், வரி தனி. திருட்டு போனா க்ளெய்ம் கேட்க பில் வேணும். அதனால பில் இல்லாம வாங்குற தள்ளுபடி, உண்மையில தள்ளுபடியே இல்லை.

காரை விக்கும்போது ஆடியோவுக்குன்னு யாரும் பெருசா விலை கூட்டித் தர மாட்டாங்க. பழைய ஸ்டீரியோ, ஸ்பீக்கர் எல்லாத்தையும் பத்திரமா வச்சிருந்து, விக்கிறப்போ திரும்ப மாட்டிட்டு, இதை அடுத்த காருக்கு எடுத்துட்டுப் போங்க. இதை முதலீடுன்னு நினைக்காதீங்க, பொழுதுபோக்குச் செலவுதான். அப்படி நினைச்சாத்தான் அளவா செலவு பண்ணுவோம்.

அழகர்கோவில் டெஸ்ட்

டியூனிங் முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கிளம்புங்க. மூன்றுமாவடி சிக்னல்ல இன்ஜின் ஓடும்போது இரைச்சல் வருதான்னு பாருங்க. கடச்சனேந்தல் தாண்டி வேகம் எடுக்கும்போது டயர் சத்தத்துல எந்த பேஸ் காணாம போகுது, எந்தக் கதவு நடுங்குதுன்னு கவனிங்க. மலையடிவாரத்துல இன்ஜினை அணைச்சு, கண்ணாடியை ஏத்தி, சின்ன வால்யூம்ல உங்களுக்கு மனப்பாடமான ஒரே பாட்டைக் கேளுங்க. சின்ன சத்தத்துல குரல் தெளிவா நடுவுல நின்னா, டியூனிங் சரி.

வெளியில கேட்கிற மாதிரி வைக்க வேண்டாம். அது கோவில், காடு. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டப்படி பகல்ல 55, ராத்திரி 10 மணிக்கு மேல 45 டெசிபல்தான் வரம்பு.

அப்படியே சாமி கும்பிட்டு, அழகர்கோவில் தோசை வாங்கிச் சாப்பிட்டுட்டு வாங்க. அன்னிக்கு ஆகுற செலவு பெட்ரோலும் தோசையும்தான்.

தம்பி, ஒரு வருஷம் கழிச்சு உங்ககிட்ட போட்டிக்குத் தயாரான காரும், 72,000-க்கு மேல அவசரகால நிதியும் இருக்கும். லோன் போட்டிருந்தா அதே நாள்ல இன்னும் 12 இ.எம்.ஐ. பாக்கி இருந்திருக்கும். உங்க மாசக் கணக்கு எவ்வளவுன்னு கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து பார்ப்போம்.