பிசையாமலே ஒரு பிரெட்

நம்மூர்ல பிரெட்டுன்னா அது காய்ச்சல்காரங்க சாப்பாடு. உடம்பு லேசா சுட்டா போதும், தெருமுனை கடையிலேர்ந்து ஒரு பாக்கெட் வந்துடும். பால்ல தொட்டு முழுங்கிட்டு குப்புறப் படுக்கணும். அப்படி வளர்ந்தவனுக்கு, வெள்ளைக்காரங்க பிரெட்டைப் பத்தி மணிக்கணக்கா பேசறதைக் கேட்டா கொட்டாவிதான் வரும். எனக்கும் வந்துச்சு, மினசோட்டாவுக்குப் படிக்க வந்து முதல் குளிர்காலம் வர்ற வரைக்கும். அந்தக் குளிர்ல சூடா ஒரு சூப், கூடவே தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வர்ற பிரெட். மேல் ஓடு முறுக்கு மாதிரி நொறுங்கும், உள்ளே ஆப்பத்து நடுப்பாகம் மாதிரி மெத்துன்னு இருக்கும். அப்பதான் புரிஞ்சுது மக்களே, நாம இத்தனை நாளா சாப்பிட்டது பஞ்சு.

சிக்கல் என்னன்னா விலை. நல்ல பேக்கரியில ஒரு உருண்டை ஏழு, எட்டு டாலர். ஸ்டைபெண்டுல ஜீவிக்கற பிராணிக்கு அது கட்டுப்படி ஆகாது. சூப்பர் மார்க்கெட்ல அஞ்சு பவுண்டு மாவு அதுக்குப் பாதி விலைக்குக் கிடைக்குது. அதாவது ரெண்டேகால் கிலோ. ஒரு பிரெட்டுக்கு 400 கிராம்னு போட்டா அஞ்சு பிரெட் போக மிச்சமும் இருக்கும். ஈஸ்ட் அதை விட மோசம் (நமக்கு நல்லது!), ஏழு கிராம் பாக்கெட் ஒண்ணு ஏழு பிரெட்டுக்கு வரும்.

ஓவன் எங்கேன்னு கேக்கறீங்களா? இந்த ஊர்ல நம்ம பசங்க இருக்கற எந்த அபார்ட்மெண்ட்டுக்குப் போனாலும் அடுப்புக்குக் கீழே ஒரு கதவு இருக்கும், திறந்து பாருங்க. உள்ளே ரெண்டு குக்கர், ஒரு வாணலி, யாரோ விட்டுட்டுப் போன தோசைக்கல் எல்லாம் இருக்கும். அதான் ஓவன். சாமானை வெளியே எடுத்துட்டு சூடு பண்ணுங்க, ப்ளீஸ்.

இந்த முறைக்கு ஒரு பிறந்தநாளே உண்டு. 2006 நவம்பர் 8ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ்ல மார்க் பிட்மன் தன்னோட 'மினிமலிஸ்ட்' பத்தியில ஜிம் லாஹேங்கிற பேக்கர் பத்தி எழுதினார். லாஹே சிற்பக்கலை படிச்சவர். இத்தாலி போய் பிரெட் பண்ணக் கத்துக்கிட்டு வந்து, 1994ல நியூயார்க்ல சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியைத் தொடங்கினார். அவர் சொன்னது ரொம்ப சிம்பிள். மாவு, உப்பு, துளியூண்டு ஈஸ்ட், நிறைய தண்ணி. கலந்து மூடி வெச்சுட்டுத் தூங்கப் போயிடுங்க. மறுநாள் ஒரு கனமான சட்டியைக் காயவெச்சு உள்ளே போட்டு மூடிடுங்க. அவ்ளோதான். அந்தப் பத்தி வந்த பிறகு ஊரே இதைப் பண்ண ஆரம்பிச்சது. 2020 லாக்டவுன்ல கடைகள்ல ஈஸ்ட் தீர்ந்து போனப்போ மறுபடி ஒரு அலை. ஒரு கிராம் ஈஸ்ட்ல வேலை முடியும்னா யார் விடுவாங்க?

நியாயமா சொல்லணும்னா பிசையாத பிரெட் லாஹே கண்டுபிடிச்சது இல்லை. சூசன் டன்அவே 1999லயே 'நோ நீட் டு நீட்'னு புத்தகம் போட்டுட்டாங்க. (பேர்லயே சிலேடை. நம்ம ஆட்கள் தோத்தாங்க.) லாஹேயோட உண்மையான கெட்டிக்காரத்தனம் அந்த மூடின சட்டியிலதான் இருக்குன்னு நான் நினைக்கறேன். அதுக்கு அப்புறம் வரேன்.

இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட போன்ல அளந்துட்டிருந்தேன். அம்மா மதுரையில. மூணு வருஷமா அவங்களுக்கு ருமடாய்ட் ஆர்த்ரைடிஸ். காலையில எழுந்தா விரல் மடங்காது, டம்ளர் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். வலியைப் பத்தி அவங்க அதிகம் பேசறதில்லை. சப்பாத்தி மாவு பிசையற வேலை அப்பா கைக்குப் போனதுதான் அவங்களுக்குத் தாங்கலை. "உங்கப்பா பிசைஞ்சா மாவு கல்லு மாதிரி இருக்குடா"ன்னு ஒவ்வொரு போன்லயும் புகார் வரும். நான் பிசையாத பிரெட்னு சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே கேள்வி: "பிசையாம எப்படிடா மாவு சேரும்?"

நல்ல கேள்வி. கோதுமை மாவுல குளூட்டெனின், கிளயடின்னு ரெண்டு புரதம் இருக்கு. தண்ணி பட்டதும் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு குளூட்டன்கிற ரப்பர் வலையா மாறுது. ஈஸ்ட் விடற காத்து அந்த வலையில மாட்டிக்கறதால பிரெட் உப்புது. பிசையறதுங்கறது இந்தக் கோக்கற வேலையைக் கை பலத்தால சீக்கிரம் முடிக்கறது. தண்ணியை அதிகமா விட்டு பன்னெண்டு, பதினெட்டு மணி நேரம் சும்மா விட்டா, புரதம் தானே நகர்ந்து வரிசைக்கு வந்துடும். ஈஸ்ட் விடற குமிழும் உள்ளேயிருந்து மெதுவா இழுத்துக் கொடுக்கும். சமையல் அறிவியல் எழுதற ஹெரால்ட் மெக்கீயும் பிட்மன்கிட்ட கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருந்தார். நம்ம பரோட்டா மாஸ்டர் மாவை உருட்டி எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு ஊறவிடறாரே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

ஈஸ்ட் ஏன் துளியூண்டு? நிறைய போட்டா ரெண்டு மணி நேரத்துல பொங்கி, வலை சேர்றதுக்குள்ள வேலையை முடிச்சிடும். கம்மியா போட்டா மெதுவா போகும், வாசனைக்கும் நேரம் கிடைக்கும். அந்த லேசான புளிப்பு, மாவுக்கே உரிய இனிப்பு எல்லாம் ராத்திரி முழுக்க உக்காந்து வர்றது. இட்லி மாவு கதைதான், கொஞ்சம் வேற கிருமிகளோட.

சரி, செய்முறை. 2009ல வந்த 'மை பிரெட்' புத்தகத்துல லாஹே கொடுக்கற கணக்கு 400 கிராம் பிரெட் மாவு, 300 கிராம் தண்ணி, 8 கிராம் உப்பு, 1 கிராம் இன்ஸ்டண்ட் ஈஸ்ட். தண்ணியையும் தராசுலதான் நிறுக்கணும். கப் கணக்கு வேண்டாம், மாவை அள்ளற விதத்துலயே ஒரு கப்புக்கு இருபது, முப்பது கிராம் ஏறி இறங்கும். பெரிய பாத்திரத்துல எல்லாத்தையும் போட்டு மரக்கரண்டியால அரை நிமிஷம் கிண்டினா போதும், உலர்ந்த மாவு தெரியக்கூடாது. பாக்க அசிங்கமா, போண்டா மாவுக்கும் சப்பாத்தி மாவுக்கும் நடுவுல எங்கேயோ இருக்கும். பயப்படாதீங்க. தட்டு போட்டு மூடிட்டு தூங்கப் போங்க.

21 டிகிரி செல்சியஸ் வீட்டுக்குத்தான் இந்த பன்னெண்டு, பதினெட்டு மணி கணக்கு. ஜனவரியில எங்க சமையலறை அதை விடக் கீழே. அப்போ இட்லி மாவுக்குப் பண்ற அதே தந்திரம்: ஓவனை ஆன் பண்ணாம உள்ளே லைட்டை மட்டும் போட்டு பாத்திரத்தை வெச்சுடுங்க. கதவுல ஒரு சீட்டும் ஒட்டுங்க, இல்லேன்னா பீட்ஸா சுடக் கிளம்பற ரூம்மேட் ஓவனை 400ல திருகிடுவான். எங்க வீட்டுச் சீட்டுல "மச்சி, உள்ளே உயிர் இருக்கு"ன்னு எழுதியிருக்கு :-)

காலையில பாத்தா மாவு ரெண்டு மடங்காகி மேலெல்லாம் குமிழ் வெடிச்சிருக்கும். மாவு தூவின மேடையில சரிச்சு, நாலு பக்கமும் இழுத்து நடுவுல மடிச்சா ஒரு உருண்டை மாதிரி வரும். மடிப்பு கீழே போற மாதிரி ஒரு துணியில வெச்சு மூடிடுங்க. துணியில மாவோ தவிடோ தாராளமா தூவணும், இல்லேன்னா பிரெட்டும் துணியும் பிரியாத தம்பதி. இன்னும் ஒரு மணியிலேர்ந்து ரெண்டு மணி நேரம் விடுங்க. விரலால அழுத்தினா பள்ளம் மெதுவா மேலே வரணும். டக்குன்னு வந்தா இன்னும் கொஞ்சம் பொறுங்க.

இப்ப சட்டி. வார்ப்பிரும்புல மூடியோட வர்ற டச் ஓவன்தான் நல்லது. பழைய சாமான் கடைகள்ல தேடினா சல்லிசா கிடைக்கும். அதை ஓவனுக்குள்ளேயே வெச்சு 450 ஃபாரன்ஹீட்ல (232 செல்சியஸ்) அரை மணி காயவிடுங்க. அப்புறம் மாவை உள்ளே கவுத்துப் போட்டு, மூடி, முப்பது நிமிஷம். பிறகு மூடியை எடுத்துட்டு இன்னும் பதினஞ்சுலேர்ந்து முப்பது நிமிஷம், நல்ல கஷ்கொட்டை நிறம் வர்ற வரை. வெளுப்பா எடுத்தா ஓடு பத்து நிமிஷத்துல தோல் மாதிரி ஆயிடும். கருகறதுக்கு ஒரு படி முன்னாடி வரைக்கும் விடலாம்.

ஏன் மூடணும்? பேக்கரி ஓவன்கள்ல நீராவி அடிக்க வசதி இருக்கும். வீட்டு ஓவன்ல கிடையாது, இருக்கற ஈரமும் வெளியே போயிடும். மூடின சட்டியில மாவோட ஈரமே ஆவியாகி அங்கேயே சுத்தும். அதனால மேல்தோல் உடனே காயாம இளகி இருக்கும், பிரெட் நல்லா உப்பும். தோல்ல இருக்கற ஸ்டார்ச் அந்த ஈரத்துல வெந்து கூழாகி, மூடி எடுத்த பிறகு காய்ஞ்சு கண்ணாடி மாதிரி மொறுமொறுக்கும். வெளியே எடுத்து வெச்சதும் கவனிச்சா பட்பட்டுன்னு சன்னமா சத்தம் கேக்கும், ஓடு விரியற சத்தம். அது பாடி முடிக்கற வரைக்கும் வெட்டாதீங்க, குறைஞ்சது ஒரு மணி நேரம். உள்ளே இன்னும் வெந்துட்டுதான் இருக்கும், சீக்கிரம் வெட்டினா பிசுபிசுப்பு.

அந்தச் சட்டி விஷயத்துல கறாரா இருக்கணும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், காஞ்ச கண்ணாடியில குளிர்ந்த மாவு விழுந்தா விரிசல் விடலாம். நான்ஸ்டிக்கை வெறுமனே அவ்வளவு சூடு பண்ணக்கூடாது. மூடியில பிளாஸ்டிக் குமிழ் இருந்தா கழட்டிட்டு இரும்புக் குமிழ் மாட்டுங்க. ஈரத்துணியால சட்டியைப் பிடிச்சா ஈரம் ஆவியாகி கையைச் சுட்டுடும், காய்ஞ்ச கனமான துணிதான் பிடிக்கணும். தூவின மாவு அடியில கருகிப் புகையும், அதனால ஜன்னலைத் திறந்துட்டு ஆரம்பிங்க. ஸ்மோக் அலாரம் அடிச்சு மொத்தக் கட்டடமும் பனியில நிக்கற காட்சி வேண்டாம்.

அம்மாவுக்கு இடிச்சதும் இந்தச் சட்டிதான். "பிசையத் தேவையில்லை"ன்னு எழுதறவங்க யாரும் அதோட எடையைப் பத்திப் பேசறதில்லை. மூடியோட அஞ்சு, ஆறு கிலோ இருக்கும், அதுவும் கொதிக்கற சூட்டுல. விரல் மடங்காத ஒருத்தர் அதைத் தூக்கவே கூடாது. அப்ப இது யாருக்கு சுலபம்?

அதனால மதுரை வெர்ஷன் வேற. எல்லாம் பாதி அளவு. 200 கிராம் மைதா, 135 கிராம் தண்ணி, 4 கிராம் உப்பு. நம்ம மைதாவுல புரதம் பிரெட் மாவை விடக் கம்மி, அதே தண்ணியைத் தாங்காது, ஓடிடும். ஈஸ்ட் ரெண்டு விரல் கிள்ளு. முப்பத்திநாலு டிகிரி வெயில்ல பதினெட்டு மணி நேரம் விட்டா மாவு புளிச்சுத் தண்ணியாயிடும், ஆறு மணி நேரமே ஜாஸ்தி. இல்லேன்னா ரெண்டு மணி நேரம் வெளியே, மீதி ராத்திரி ஃப்ரிட்ஜுல. சட்டிக்குப் பதிலா ரெண்டு லேசான அலுமினிய பிரெட் டின். ஒண்ணுல மாவு, இன்னொண்ணை அது மேலே கவுத்து மூடி. முன்னாடியே காய வைக்கறதில்லை, அதனால மாவை சூடான எதுலயும் போட வேண்டியதே இல்லை. ஓ.டி.ஜி. 230ல நல்லா சூடானதும் அப்பா டின்னை உள்ளே தள்ளி, இருபத்தஞ்சு நிமிஷத்துல மேல் டின்னை எடுத்து, இன்னும் இருபது நிமிஷத்துல வெளியே எடுப்பார். ஓடு சட்டியில வர்ற அளவுக்கு மொறுமொறுப்பா வராது, முக்கால்வாசி வரும். கிண்டறதும் மடிக்கறதும் அம்மா. மாவு இவ்வளவு இளக்கமா இருக்கறதால கரண்டியே போதும், மடிக்க உள்ளங்கை போதும், விரல் பலம் வேண்டாம்.

முதல் பிரெட்டோட படம் வாட்ஸப்ல வந்துச்சு. ஒரு பக்கம் கொஞ்சம் சாஞ்சு, நல்ல பழுப்பு. கூடவே குரல் செய்தி: "உங்கப்பா கதவை ரெண்டு தரம் திறந்து பாத்துட்டார்டா, அதான் சாஞ்சிருக்கு." பிறகு ரெண்டு நாள் கழிச்சு, கோதுமை மாவுல பண்ணலாமான்னு கேட்டாங்க. ஆட்டால தவிடு இருக்கறதால குளூட்டன் வலை அறுந்துடும், தண்ணியும் அதிகம் குடிக்கும். கால் பங்கு ஆட்டா, முக்கால் பங்கு மைதான்னு ஆரம்பிச்சு, தண்ணியை ஸ்பூன் ஸ்பூனா ஏத்தச் சொல்லியிருக்கேன். பொடியா நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையை மடிக்கறப்போ தூவறது அவங்க சொந்த யோசனை, என்கிட்ட அனுமதி கேக்கலை. நான் இங்க பண்ணிப் பாத்தேன், பிரமாதம். வெங்காயத்தை மட்டும் லேசா வதக்கி ஆறவெச்சுடுங்க, பச்சையா போட்டா தண்ணி விடும்.

டிஸ்கி: 1. தொட்டுக்க வெண்ணெய், ஆலிவ் எண்ணெய்னெல்லாம் சொல்வாங்க. காரச் சட்னி முயற்சி பண்ணுங்க. மிளகு ரசத்துல முக்கினா ஓடு ஊறியும் ஊறாமலும் இருக்கற அந்த ஒரு நிமிஷம்... சொல்லத் தெரியலை.

2. மிச்சம் இருந்தா (இருக்காது) ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க, அங்கதான் சீக்கிரம் கட்டியாகும். வெட்டின பக்கத்தை பலகையில கவுத்து வெச்சா ஒரு நாள் தாங்கும். அதுக்கு மேலன்னா துண்டு போட்டு ஃப்ரீஸர்.

3. பீர், வினிகர் சேர்த்து கொஞ்சமே கொஞ்சம் பிசையற முறை ஒண்ணு 2008ல குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில வந்துச்சு. வடிவம் நல்லா வரும்னு சொல்றாங்க. எங்க வீட்டுல பீர் அது வரைக்கும் மிஞ்சறதில்லை. பண்ணிப் பாத்தவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.