முடிச்சும் உடலும்: மிருணாளினி முகர்ஜியின் சணல் சிற்பங்களில் பெண்ணியக் கூறுகள்

கல், மரம், உலோகம் ஆகியனவே சிற்பத்திற்குரிய மூலப்பொருள்கள் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. நாரும் நூலும் கைவினையென ஒதுக்கப்பட்டன. பெண்கள் வீட்டிற்குள் செய்த பின்னல் வேலை கலையாகவே எண்ணப்படவில்லை. இப்பாகுபாட்டை மிருணாளினி முகர்ஜி (1949-2015) சணல் நாரைக் கொண்டு எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

மும்பையில் பிறந்த இவர் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றார். கைவினை மரபுகளைப் போற்றிய கே.ஜி. சுப்பிரமணியனிடம் சுவரோவியம் கற்றார். 1970களில் தொடங்கி, சாயமேற்றிய சணல் கயிறுகளை முன்வரைவோ தறியோ இன்றிக் கையால் முடிச்சிட்டுப் பேருருவங்களை ஆக்கினார். பொறுமையும் திரும்பச் செய்தலும் வேண்டும் இவ்வுழைப்பு, வீட்டுப் பின்னலுக்குரிய உழைப்பே; அதன் அளவே மாறியது. மடியில் அடங்கிய வேலை, கூடத்தை நிறைத்து நின்றது.

'தேவி' (1982), 'யக்ஷி' (1984), 'வனஸ்ரீ' (1994) முதலியவற்றில் மடிப்பும் இதழும் குழிவுமாக விரியும் வடிவங்கள் மலரையும் பெண்ணுடலையும் ஒருங்கே நினைவூட்டுகின்றன. மதுராவின் கல் யக்ஷிகளில் ஆடையும் அணியும் உடலழகைக் காட்டும் கருவிகள். முகர்ஜியின் யக்ஷியிலோ ஆடை, தோல், உடல் மூன்றும் ஒரே நார். ஒன்றை விலக்கி மற்றொன்றைக் காண இயலாது. எனவே, பெண்ணுருவைக் காட்சிப்பொருளாக்கும் நோக்கிற்கு இங்கு இடமில்லை.

இவ்வாறு பெண்ணியம் இப்படைப்புகளின் கருப்பொருளிலும் செய்முறையிலும் ஒருசேர அமைகிறது. 2019இல் நியூயார்க்கின் மெட் பிராயரில் இவருக்கெனத் தனிக்கண்காட்சி நடைபெற்றது. அதனைக் காண அவர் இல்லை. கலை, கைவினை என்னும் பகுப்பை மறுஆய்வு செய்யாமல் இந்திய நவீனச் சிற்ப வரலாறு முழுமை பெறாது எனலாம்.