தண்டுவடம் அடிபட்டால்... யாரும் கேட்காத அந்தக் காலைக் கவலை!

பைக்கில் போய் விழுந்தவர், தென்னை மரத்திலிருந்து தவறியவர், கிணற்று மேட்டில் கால் சறுக்கியவர்... முதுகுத்தண்டில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் பார்க்க ஊரே வரும். "காலு எப்பங்க வருமாமா?" என்று விசாரிக்கும். "வெளிக்கிக்கு என்னங்க பண்றீங்க?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டாரும் சொல்வதில்லை.

பள்ளிபாளையத்தில் ஒரு லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். நாலைந்து குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை. அதுவும் குத்தவைத்து உட்காருவது. வாசலில் சக்கர நாற்காலி நுழையாது. நேற்றுவரை தறி ஓட்டியவர் இன்று கட்டிலில். ஷிஃப்ட் முடிந்து வரும் மனைவி முதலில் பார்ப்பது, துணி அழுக்காகியிருக்கிறதா என்றுதான். "உட்கார்ந்தே தார் சுற்றலாம், பட்டறைக்கு வாங்க" என்று முதலாளி கூப்பிட்டாலும், "அங்க வெச்சுப் போயிட்டா?" என்ற பயம் விடாது. சொந்தக்காரர் கல்யாணம் என்றால் முந்தின நாளே பட்டினி கிடப்பவர்களும் உண்டு.

இது இந்த ஊர்க் கவலை மட்டுமல்ல. தண்டுவடம் பாதிக்கப்பட்ட 681 பேரிடம், எந்தச் செயல் திரும்பினால் வாழ்க்கை மாறும் என்று கேட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. கை கால் நான்கும் முடங்கியவர்கள் முதலில் கேட்டது கைகளை. இடுப்புக்குக் கீழ் முடங்கியவர்கள் முதலில் கேட்டது தாம்பத்திய வாழ்வை. இரு தரப்பும் முக்கியம் என்று சொன்னவற்றில் சிறுநீர், மலக் கட்டுப்பாடு இருந்தது.

அடிபட்ட பிறகும் குடல் வேலை செய்கிறது, மெதுவாக. ஆனால் மலக்குடல் நிறைந்த சேதி மூளைக்கு எட்டாது. "இப்போ வேண்டாம், அடக்கு" என்ற மூளையின் உத்தரவும் கீழே இறங்காது. அடி எங்கே என்பதைப் பொறுத்து இது இரண்டு விதம். கழுத்திலோ நடு முதுகிலோ அடிபட்டால் ஆசனவாய்த் தசை இறுகியிருக்கும். ஆனால் தூண்டினால் குடல் தானே தள்ளும். ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரி மாத்திரையும், கையுறையும் ஜெல்லியும் போட்ட விரலால் மெதுவாக வட்டமிட்டுத் தூண்டுவதும் இவர்களுக்கு உதவும். இடுப்புப் பக்கம் அடிபட்டவர்களுக்குத் தசை தளர்ந்துவிடும், தூண்டினாலும் பயனில்லை. விரலால்தான் எடுக்க வேண்டும், பெரும்பாலும் தினமும். இவர்களுக்கு மலம் கொஞ்சம் கெட்டியாக இருப்பதே நல்லது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட வைத்தியம் நமக்குக் கேட்காததற்குக் காரணம் இதுதான். எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். விரல் முறையை நர்ஸிடம் நேரில் பழகிய பிறகே வீட்டில் செய்யுங்கள்.

எந்த வகையானாலும் அடிப்படை ஒன்றுதான். தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரம். சாப்பிட்டு அல்லது சூடாகக் குடித்து அரைமணி நேரத்துக்குள் குடல் சுறுசுறுப்பாகும். அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். காலையில்தான் என்று சட்டமில்லை. மனைவிக்குக் காலை ஷிஃப்ட் என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உடம்பு பழகச் சில வாரங்கள் பிடிக்கும். இரண்டு நாளில் பலனில்லை என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் பழகாது.

நார்ச்சத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்பதும் இங்கே செல்லாது. குடலே மெதுவாக நகரும்போது அதிக நார் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். கீரையோ கம்போ, ஒன்றை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சில நாள் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரையே தாங்கிய பள்ளிபாளையம் சிக்கனில் விழும் வரமிளகாய் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அதற்காக அதை அடியோடு விடச் சொல்வது அநியாயம். கல்யாணத்துக்கு முந்தின நாள் வேண்டாம், அவ்வளவுதான்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பல நாள் சரியாகப் போகாமல் இருந்து, திடீரென்று தண்ணியாகக் கசியும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுப்பார்கள். உள்ளே கட்டிப்போன மலத்தைச் சுற்றி வழியும் நீராக அது இருந்தால், மாத்திரை அடைப்பை இன்னும் மோசமாக்கும். மாத்திரைக்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று உயிருக்கே ஆபத்து. நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, மலமோ சிறுநீரோ அடைத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தலை பிளக்கிற வலி, முகம் சிவத்தல், குப்பென்று வியர்வை இதன் அடையாளம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணிகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடங்காவிட்டால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். பணியில் இருப்பவரிடம் "தண்டுவடம் அடிபட்டவர்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள இடமுண்டு. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் முன்னின்று உருவாக்கிய வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966 முதல் பாகாயத்தில் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், 1975-ல் கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் முடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் தண்டுவடம் பாதித்தவர்களுக்குப் பயிற்சி தருகிறது.

லைன் வீட்டுக் கழிப்பறையை இடித்துக் கட்ட முடியாதுதான். நடுவில் துளையிட்ட நாற்காலியும், அடியில் ஒரு வாளியும், மறைப்புக்கு ஒரு பழைய சேலையும் போதும். துளையைச் சுற்றி உட்காரும் பகுதி முழுவதும் தடிமனாக ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டுங்கள். உணர்வில்லாத உடம்பு வெறும் பலகையில் நெடுநேரம் அழுந்தினால் புண்ணாகும். அது வலிக்காது, அதனால் தெரியவும் செய்யாது.