திருவையாற்றில் மூன்று கட்சிகள்

ஆண்டுதோறும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் ஒரு நாள் காலை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் திருவையாறு வரும். காவிரிக்கரைப் பந்தலில் பாடகர்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எதிரெதிரே. நடுவே சன்னதிக்குப் போகும் வழி. உள்ளே இசை மேதை தியாகராஜருக்கு அபிஷேகம் நடக்கும். நாட்டையில் தொடங்கி கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்தின கீர்த்தனைகள் ஐந்தையும் எல்லோரும் சேர்ந்து பாடி முடிப்பார்கள்.

பார்க்கிறவர்களுக்குத் தியாகராஜர் காலத்திலிருந்தே இப்படித்தான் நடந்து வருகிறது என்று தோன்றும். அப்படி இல்லை. இந்த எதிரெதிர் வரிசைக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே இடத்தில் விழா கட்சி கட்டிக்கொண்டு நடந்தது. முதலில் இரண்டு கட்சி, பிறகு மூன்று. அந்தச் சண்டை என்ன, எப்படி ஓய்ந்தது என்று தெரிந்துகொண்டால், இன்றைக்கும் ஊர்களில் விழாக் கமிட்டிகள் ஏன் உடைகின்றன என்பதும் கொஞ்சம் விளங்கும்.

தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று, புஷ்ய பகுள பஞ்சமியில் சித்தியடைந்தார். கடைசி நாட்களில் துறவறம் வாங்கிக்கொண்டவர் என்பதால் அவரைத் தகனம் செய்யவில்லை, காவிரிக்கரையில் சமாதி வைத்தார்கள். துறவிக்குத் திதி கொடுப்பதில்லை, ஆராதனைதான் செய்வார்கள். விழாவுக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். அவருக்கு ஒரே மகள். மகள் வயிற்றுப் பேரனும் வாரிசு இல்லாமல் போய்விட்டார். ஆக, சமாதிக்குச் சொந்தக்காரர் என்று ரத்த உறவில் எவரும் இல்லை. மிஞ்சியது சீடப் பரம்பரை மட்டும். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று ஊருக்கு ஊர் பிரிந்துபோன சீடர்கள் அவரவர் வீட்டில் குருவின் நாளைக் கொண்டாடினார்கள். கரையில் சமாதி கேட்பாரற்றுக் கிடந்தது.

பின்னால் வந்த சண்டை முழுவதற்கும் வேர் இதுதான் என்பது என் எண்ணம். வாரிசு இல்லாத இடத்தில், முதலில் கை வைத்துச் செய்தவருக்கு உரிமை வந்துவிடுகிறது. அடுத்துச் செய்ய வருகிறவர் அந்த உரிமையை ஒப்புக்கொள்வதில்லை.

1903-இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் சமாதியைத் தேடி வந்து செப்பனிட்டார்கள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் ஆராதனை நடக்கத் தொடங்கியது. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் சகோதரர் பஞ்சு பாகவதரும் முன்னின்று அதைப் பெரிதாக்கினார்கள். அன்னதானம், பூஜை, கச்சேரி எல்லாம் சேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் சகோதரர்களுக்கே ஒத்துப்போகவில்லை. நரசிம்ம பாகவதர் பக்கம் பெரிய கட்சி, பஞ்சு பாகவதர் பக்கம் சின்ன கட்சி என்று விழா இரண்டானது. பிறகு வயலின் மேதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை சின்ன கட்சிக்குத் தூணாக நின்றார்.

இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் விழா எடுப்பது எப்படி? நாளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பஞ்சமிக்கு முந்தைய ஐந்து நாள் சின்ன கட்சிக்கு. பஞ்சமியில் தொடங்கி மேலும் நான்கு நாள் பெரிய கட்சிக்கு. கட்சிக்கு ஒரு பந்தல், கட்சிக்கு ஓர் அன்னதானம். கச்சேரிக்கு வரும் வித்வான்களும் கட்சி பார்த்தே வந்தார்கள். ஊரில் அண்ணன் தம்பி தென்னந்தோப்பைப் பாகம் பிரிப்பதுபோல ஒரு மகானின் நினைவு நாளைப் பாகம் பிரித்திருக்கிறார்கள். படிக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடிதடியில் இறங்காமல் நாள் குறித்துக்கொண்டதால்தான் விழா அறுபடாமல் நடந்தது. இரண்டு கட்சிக்கும் பாட்டு மேல் இருந்த பக்தி பொய்யில்லை.

எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. பெண்கள் பாடக் கூடாது. அந்தக் காலத்தில் சபையில் பாடிய பெண்கள் பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்தவர்கள். அவர்களைச் சன்னதிக்கு முன் உட்காரவைத்துப் பாடச் சொல்ல இரு தரப்புக்கும் மனம் இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். 1878-இல் பிறந்தவர், சென்னையில் பெரும் பேரும் பணமும் சம்பாதித்த பாடகி. முத்துப்பழனி என்ற கவிஞர் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்தவனமு' என்ற காவியத்தை 1910-இல் முழுமையாகப் பதிப்பித்து, ஆங்கில அரசு அதைத் தடை செய்தபோதும் அசையாதவர். தியாகராஜர் சமாதி பாழடைந்து கிடக்கிறது என்று அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. ஆண்டுதோறும் இரண்டு கட்சி விழா எடுத்தும் சமாதியின் நிலை அதுதான். பத்து நாள் பந்தல் போட ஆள் இருந்தது. மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாளும் விளக்கேற்ற ஆள் இல்லை.

நாகரத்தினம்மாள் மேடை கேட்டுத் தொடங்கவில்லை, மண்ணிலிருந்து தொடங்கினார். சமாதி இருந்த நிலம் யாருடையது என்று விசாரித்து, சொந்தக்காரரோடு பேசி, முறைப்படி வாங்கினார். 1921 அக்டோபர் 27-இல் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். சேமிப்பும் நகையும் அதற்கே போயின. தியாகராஜருக்குச் சிலை செய்து வைத்து, 1925 ஜனவரி 7-இல் குடமுழுக்கு நடத்தினார்.

கோயில் அவர் கட்டியது. நிலம் அவர் வாங்கியது. தினப்படி பூஜை அவர் செலவு. ஆராதனையில் ஹரிகதை செய்ய அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மறுத்தவர்களிடம் இருந்தது விழா. நாகரத்தினம்மாளிடம் இருந்தது இடம். ஒரு விழாவை யார் நடத்துகிறார்கள் என்ற கேள்விக்குள் பல கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பட்டா யார் பெயரில், வசூல் யார் கையில், யார் எப்போது பாடுவது என்று தீர்மானிப்பது யார்? பெரும்பாலான கமிட்டிகளில் இவற்றுக்கு வேறு வேறு ஆட்கள் பதிலாக இருப்பார்கள். நல்ல காலத்தில் அது தெரியாது. ஒரு மனஸ்தாபம் வந்தால் அவரவர் கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்வார்கள்.

நாகரத்தினம்மாளும் தன் கையில் இருந்ததைப் பிடித்துக்கொண்டார். சன்னதிக்கு முன்னால் இடமில்லை என்றால் பின்னால் இருக்கிறதே! 1927 வாக்கில் கோயிலின் பின்புறத்தில் பெண்களைக் கூட்டித் தனி விழா தொடங்கினார். பெண்கள் கட்சி என்று பெயர் வந்தது. ஆக மூன்றாவது கட்சி. முன்னால் ஆண்கள் பாட, பின்னால் பெண்கள் பாட, நடுவில் தியாகராஜர். பெண்கள் கட்சிக்கு வந்த கூட்டம் ஒன்றும் குறைச்சல் இல்லை.

சமரசம் 1940-41-இல் வந்தது. ஐ.சி.எஸ். அதிகாரியான எஸ்.ஒய். கிருஷ்ணசாமி, பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் மூன்று தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, தியாகப்பிரம்ம மகோத்சவ சபை என்ற ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். பெண்கள் முன்னால் வந்து பாடினார்கள். பஞ்சரத்தினத்தை எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கமும் இந்த இணைப்பை ஒட்டி வந்ததுதான். யார் முதலில் பாடுவது, யாருக்கு எத்தனை நேரம் என்ற போட்டிக்கே அதில் இடமில்லை. வித்வானும் நேற்றுப் பாட்டு வகுப்பில் சேர்ந்த பெண்ணும் ஒரே சரணத்தை ஒரே தாளத்தில் பாட வேண்டும். சமரசத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. 1946 ஆராதனையில் பாடகர் எம்.எம். தண்டபாணி தேசிகர் ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடியதும், மேடை தீட்டாகிவிட்டது என்று பேச்சு கிளம்பியதாகப் பெரிய சர்ச்சை வெடித்தது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கம் வேகம் பிடித்திருந்த நேரம் அது. மு. கருணாநிதி 'குடியரசு' இதழில் அந்தத் தீட்டுப் பேச்சைக் கண்டித்து எழுதினார். தியாகராஜர் விழாவில் அவர் பாட்டு மட்டுமே என்பது ஒரு நியாயம். தமிழ் மண்ணில், தமிழ் ரசிகர் பணத்தில் நடக்கும் விழாவில் தமிழுக்கு இடமில்லையா என்பது இன்னொரு நியாயம். முதல் நியாயத்தை மரியாதையாகவே சொல்லியிருக்கலாம். தீட்டு என்ற சொல் வந்ததும் அது விழா விதி பற்றிய பேச்சாக இல்லாமல் போய்விட்டது.

நாகரத்தினம்மாள் கடைசிக் காலத்தில் திருவையாற்றிலேயே தங்கி, 1952-இல் அங்கேயே காலமானார். தியாகராஜர் சன்னதிக்கு எதிரே அவருக்கும் சமாதி உண்டு. குருவைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்த கோலத்தில் சிலை. சமரசம் ஆகிப் பல ஆண்டு கழிந்த பிறகும் அவர் வாய்ப்பேச்சை நம்பி விடவில்லை. தன் சொத்துகளை அறக்கட்டளைக்கு எழுதிவைத்த 1949 உயிலில், அந்தக் கோயிலில் வழிபடவும் இசை விழாவில் பங்கெடுக்கவும் தேவதாசி மரபினர் உட்படப் பெண்கள் எல்லோருக்கும் ஆண்களுக்குள்ள அதே உரிமை உண்டு என்று நிபந்தனையாகவே சேர்த்துவிட்டார்.